சீவா பாலைவனச் சோலையின் அமுன் கோவில்கள்: போகலாமா, எப்படிப் பார்க்கலாம்?

லக்சர், கர்னக் போன்ற பெருங்கோவில்களை மனதில் வைத்துக்கொண்டு எகிப்தின் சீவாவுக்குப் போகிறவர்களுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே சப்பென்று ஆகிவிடும். வானளாவிய தூண்கள் இங்கே கிடையாது. அகூர்மிப் பாறையின் மேல் ஒரு கோவில் நிற்கிறது. அதில் சிற்பம் அநேகமாக இல்லை. கீழே பேரீச்சந் தோப்புக்குள் உம்மு உபைதில் சிற்பம் இருக்கிறது, கோவில் இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பவர்கள் இரண்டையுமே அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இவை அமுன் என்ற எகிப்தியத் தெய்வத்தின் ஒரே வழிபாட்டின் இரண்டு முனைகள். அப்படி எடுத்துக்கொண்டு அரை நாள் ஒதுக்கினால், எகிப்தில் இதற்கு ஈடான இடம் அதிகம் இல்லை என்பது புரியும். கி.மு. 331-இல் அலெக்சாந்தர் பெரும்படையை நைல் பக்கம் விட்டுவிட்டுப் பாலைவனம் தாண்டி வந்தது, தெய்வத்திடம் குறி கேட்கும் இந்த இடத்தைத் தேடித்தான்.

சீவா லிபிய எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் ஒரு நீண்ட பள்ளம். பேரீச்சையும் ஒலிவமும், நடுவே உப்பு ஏரிகளும். மத்தியதரைக் கடற்கரையிலுள்ள மர்சா மத்ரூஹிலிருந்து தெற்கே சுமார் 300 கிலோமீட்டர். அலெக்சாந்தரும் கடற்கரையோடு மத்ரூஹ் வரை வந்து அங்கிருந்துதான் உள்ளே திரும்பினார். வழியில் தண்ணீர் தீர்ந்தபோது மழை பெய்து காப்பாற்றியது, வழி தவறியபோது காகங்கள் முன்னே பறந்து காட்டின என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்று அதே திசையில் தார்ச்சாலை போகிறது. அலெக்சாந்திரியாவிலிருந்து பேருந்தில் எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். கெய்ரோவிலிருந்து இரவுப் பேருந்து உண்டு. அது இன்னும் நீளம். ராணுவச் சோதனைச் சாவடிகளில் நிறுத்திக் கடவுச்சீட்டு கேட்பார்கள். பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். நள்ளிரவில் பேருந்தின் அடிவயிற்றைத் திறக்கச் சொல்லி எல்லோரையும் காக்க வைக்க வேண்டாம். வரைபடத்தில் பஹரியா சோலை வழியாக ஒரு குறுக்குச் சாலை தெரியும். அதற்கு ராணுவ அனுமதி வேண்டும், சாலையும் மோசம். அதை நம்பிப் பயணத் திட்டம் போடக் கூடாது.

இவ்வளவு தூரம் வந்து ஒரே இரவு தங்கித் திரும்புவது வீண். குறைந்தது இரண்டு இரவு. ஒரு பிற்பகல் கோவில்களுக்கு, மறுநாள் காலை ஜபல் அல்-மவ்தா கல்லறைகளுக்கு என்று வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது.

கோவில்களுக்கு ஏன் பிற்பகல் என்றால், வெளிச்சத்துக்காக. உம்மு உபைதின் புடைப்புச் சிற்பங்கள் ஆழமில்லாதவை. உச்சி வெயிலில் கல்லும் உருவமும் ஒரே வெளிர் மஞ்சளாகத் தெரியும், கோடே பிடிபடாது. சூரியன் சாய்ந்த பிறகுதான் செதுக்கின் விளிம்பில் நிழல் விழுந்து உருவம் எழும்பும். குளிர்காலத்தில் இரண்டரை மணி வாக்கில் அகூர்மிக்குப் போய், ஒன்றரை மணி நேரம் மேலே இருந்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் உம்மு உபைதுக்கு இறங்கி வருவது சரியான கணக்கு. மேலே மூடும் நேரத்தைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ரமளான் மாதத்தில் சீக்கிரமே பூட்டிவிடுவார்கள்.

அகூர்மி சீவா ஊரிலிருந்து கிழக்கே நான்கு கிலோமீட்டர். வாடகை மிதிவண்டி போதும். பாதை சமதளம், இருபுறமும் தோப்பு. மிதிவண்டி எடுக்கும்போது பிரேக்கையும் சங்கிலியையும் பார்த்து வாங்குங்கள், மணலும் உப்பும் சேர்ந்து அவற்றைச் சீக்கிரம் தின்றுவிடும். முடியாதவர்களுக்கு மூன்று சக்கர வண்டிகள் கிடைக்கும். போகும் வழிக்கு மட்டும் பேசாமல், காத்திருந்து உம்மு உபைதுக்கும் அதற்கு அப்பாலுள்ள ஊற்றுக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிடுவது வரை மொத்தமாகப் பேசி முடித்துக்கொண்டு ஏறுவது நல்லது.

பாறை முப்பது மீட்டருக்குள்தான் உயரம். ஏற்றம் சிரமமில்லை, ஆனால் சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏற வேண்டும். பேரீச்ச மரத்தண்டுகள் பாவிய பழைய வாசலைத் தாண்டி, மசூதியைக் கடந்து உள்ளே போகிறோம். சுற்றி இடிந்து கிடப்பவை கோவிலைச் சேர்ந்தவை அல்ல, பிற்கால ஊரின் வீடுகள். இதை முதலிலேயே தெரிந்துகொள்ளாவிட்டால் எது பழையது எது புதியது என்று குழம்பிப்போகும். பழுப்பு நிறத்தில் உருகி வழிந்ததுபோல் நிற்கும் சுவரெல்லாம் வீடு. சதுரமாக வெட்டி அடுக்கிய கல் தெரிந்தால் அது கோவில்.

அந்தப் பழுப்புச் சுவர் தனியாகக் கவனிக்கத் தக்கது. இங்கே அதைக் கர்ஷீஃப் என்கிறார்கள். உப்பு ஏரிக்கரையில் படியும் கட்டிகளை வெட்டியெடுத்து, களிமண் சேற்றை வைத்து அடுக்குவார்கள். சேறு காயக் காய, அதிலுள்ள உப்பு படிகமாகிக் கட்டிகளோடு ஒட்டிச் சுவர் முழுவதும் ஒரே கல்லாக இறுகிவிடும். மழையே அறியாத ஊருக்கு அருமையான கட்டுமானம். எமன் அதே மழைதான்: உப்பு கரைந்தால் பிடிப்பே போய்விடும். 1926-இல் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் ஊர் நடுவிலுள்ள ஷாலி கோட்டை சிதைந்து, மக்கள் கீழே இறங்கிப் புது வீடு கட்டிக்கொண்டார்கள். ஆகவே சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். வெளியே பாறை போலத் தோன்றும் விளிம்பு உள்ளே பொடிந்திருக்கும்; காலோடு சரியும். மனிதருக்கும் கேடு, சுவருக்கும் கேடு.

கோவிலைக் கட்டியது 26-ஆம் வம்சத்து மன்னர் அமாசிஸ். ஆண்ட காலம் கி.மு. 570 முதல் 526 வரை. முன்முற்றம், அடுத்தடுத்து இரண்டு மண்டபங்கள், பின்னே கருவறை. அவ்வளவுதான் அமைப்பு. முகப்பில் கிரேக்க பாணி அரைத்தூணின் தடயம் உண்டு. கட்டுமானத்தில் கிரேக்கக் கைவினைஞர்களுக்குப் பங்கிருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாதிப் பேர் இதைப் பார்க்காமலே உள்ளே போய்விடுகிறார்கள். வாசலில் ஒரு நிமிடம் நின்று இருபுறமும் பாருங்கள்.

கருவறை சுமார் மூன்று மீட்டர் அகலம், ஆறு மீட்டர் நீளம். இங்கே மட்டும் சிற்பம் மிச்சம் இருக்கிறது, தேய்ந்து மங்கிய நிலையில். ஒரு பக்கச் சுவரில் தெய்வங்களுக்குப் படையல் செய்யும் மன்னர் அமாசிஸ். எதிர்ச்சுவரில் அதே மரியாதையோடு சீவாவின் தலைவர், பாலைநில மக்களுக்குரிய இறகைத் தலையில் சூடியபடி. எகிப்தியக் கோவிலில் மன்னருக்கு எதிரே சம அந்தஸ்தில் உள்ளூர்த் தலைவர் ஒருவர் நிற்பது அபூர்வம். நைல் அரசின் கை இந்தச் சோலையில் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதை அந்த எதிரெதிர்ச் சுவர்கள் காட்டிக்கொடுக்கின்றன. அலெக்சாந்தர் நின்ற இடம் என்று காட்டிவிட்டு வழிகாட்டிகள் நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நகராதீர்கள். கைவிளக்கு கொண்டுபோயிருந்தால் சுவருக்கு நேராக அடிக்காமல், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் இறகின் கோடு தெரியவரும்.

கருவறையை ஒட்டி வலப்பக்கம் ஒரு குறுகலான இடைவழி இருக்கிறது, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு. பூசாரி அதில் ஒளிந்து நின்று கடவுளின் குரலில் பேசினார் என்பது இங்கே எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதை. கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் பழைய நூல்கள் குறி கேட்ட முறையை வேறு மாதிரிச் சொல்கின்றன. பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் தரும் விவரப்படி, கடவுளின் உருவத்தைப் பொன் படகில் வைத்து 80 பூசாரிகள் தோளில் சுமந்து போவார்கள். பின்னால் பெண்கள் பாடிக்கொண்டு வருவார்கள். படகு தானாக எந்தப் பக்கம் சாய்ந்து இழுக்கிறதோ, அந்த அசைவைப் படித்துப் பூசாரி பதில் சொல்வார். கேள்விக்கு விடை குரலில் இல்லை, அசைவில்.

இப்போது அந்த மண்டபங்களைத் திரும்பிப் பாருங்கள். 80 பேர் படகு தூக்கிக்கொண்டு இதற்குள் திரும்பவே முடியாது. அப்படியானால் ஊர்வலம் எங்கே போயிற்று? விடை தெற்குப் பக்கம் இருக்கிறது. பாறை விளிம்பில் நின்று பார்த்தால் கீழே தோப்புக்கு நடுவே உம்மு உபைதின் ஒற்றைச் சுவர் தெரியும். இரண்டு கோவில்களையும் ஓர் ஊர்வலப் பாதை இணைத்திருந்தது. கடவுள் மேலே குடியிருந்து கீழே எழுந்தருளினார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் முதலில் அகூர்மி, பிறகு உம்மு உபைது என்று வரிசை சொல்வது. வரிசையை மாற்றினால் கீழே இருப்பது வெறும் கற்குவியலாகத்தான் படும். விளிம்பில் கவனம் வேண்டும்: கோவில் செங்குத்துப் பாறையின் ஓரத்திலேயே இருக்கிறது, பாறையில் பிளவுகளும் உண்டு. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அகூர்மிப் பாறைமேல் பழைய கிணறு ஒன்றும் இருக்கிறது. அதையும் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கலாம்.

உம்மு உபைது நடந்துபோகும் தூரம்தான். இது எழுந்தது 30-ஆம் வம்சத்து மன்னர் இரண்டாம் நெக்டனெபோ காலத்தில், கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. எகிப்தியரே எகிப்தை ஆண்ட கடைசி வம்சம் அது. 1811-இல் நிலநடுக்கம் கோவிலை ஆட்டிவைத்தது. அப்படியும் 1820-இல் வந்த மினுடோலி என்ற பிரஷ்ய அதிகாரி வரைந்த படங்களில் கட்டடத்தின் கணிசமான பகுதி இன்னும் நிற்கிறது. அதை ஒழித்துக்கட்டியது இயற்கை அல்ல. 1897 வாக்கில் சீவாவின் அன்றைய நிர்வாக அதிகாரி, காவல் நிலையத்துக்கும் தன் வீட்டுப் படிக்கட்டுக்கும் கல் வேண்டும் என்று வெடிமருந்து வைத்துத் தகர்த்தார். இன்று மிஞ்சியது ஒரு சுவர். சுற்றிலும் சிதறிய பெருங்கற்கள். படிக்கும்போதே வயிறு எரியும். அங்கே நின்றால் இன்னும் எரியும்.

ஆனால் அந்த ஒரு சுவரில் இருப்பது நிறைய. மேலே நெடுக வரிவரியாகப் பட எழுத்து. அதன் கீழே தெய்வங்கள் வரிசையாக நிற்கும் பட்டைகள். அமுனின் முன் மண்டியிட்டிருப்பவர் இந்தக் கோவிலைக் கட்டுவித்த உள்ளூர்த் தலைவர் வெனாமுன். அவர் தலையிலும் இறகு. மேலே கருவறையில் பார்த்த அதே இறகு, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து. அங்கே மங்கலாகத் தெரிந்தது இங்கே தெளிவாகத் தெரியும். சுவர் முன்னால் நின்று செல்பி எடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வண்டி ஏறுகிறவர்கள் இழப்பது இதைத்தான். கீழே விழுந்து கிடக்கும் கற்களையும் குனிந்து பாருங்கள். சிலவற்றில் செதுக்கு இருக்கிறது. கற்கள்மேல் உட்காரவோ மிதித்து ஏறவோ வேண்டாம்.

விளக்கப் பலகைகள் இரண்டு இடத்திலுமே போதாது. இந்த இடங்களின் பெரிய குறை இதுதான். மன்னர் யார், சுவரில் யார், எது கோவில் எது வீடு என்று புதிதாக வருபவருக்குச் சொல்ல ஆளில்லை. வழிகாட்டி வைத்துக்கொள்வதானால் ஒரே ஒரு கேள்வி கேட்டுச் சோதிக்கலாம்: "வெனாமுன் எங்கே இருக்கிறார்?" கையை நீட்டிக் காட்டினால் அவரையே அமர்த்துங்கள். அலெக்சாந்தரின் கல்லறை இங்கேதான் இருக்கிறது என்று ஆரம்பித்தால் விலகிவிடுங்கள். 1995-இல் சீவாவின் மராகிப் பகுதியில் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்ததாக ஓர் அறிவிப்பு வந்து உலகம் முழுக்கச் செய்தியானது. மற்ற ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை.

உம்மு உபைதுக்கு அப்பால் உள்ள ஊற்றைக் கிளியோபாட்ரா குளம் என்கிறார்கள். கிளியோபாட்ரா அங்கே குளித்ததற்குச் சான்று எதுவும் இல்லை. நண்பகலில் குளிர்ந்தும் நள்ளிரவில் கொதித்தும் இருக்கும் ஊற்று என்று பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோதஸ் எழுதிய சூரிய ஊற்று இதுவாக இருக்கலாம் என்பதுதான் அந்த இடத்தின் உண்மையான பெருமை. நீரின் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை, சுற்றியுள்ள காற்றுதான் மாறுகிறது; பகல் வெயிலில் குளிர்ச்சியாகவும் இரவுக் குளிரில் வெதுவெதுப்பாகவும் படுகிறது. சுற்றிக் கடைகள், கூட்டம். வேண்டுமானால் காலை நனைக்கலாம்.

மறுநாள் காலை ஜபல் அல்-மவ்தா, அதாவது இறந்தோர் மலை. ஊருக்கு வடக்கே ஒன்றரைக் கிலோமீட்டர். மலை முழுக்கக் குடைந்த கல்லறைகள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டபோது மக்கள் இங்கே வந்து ஒளிந்தார்கள். 1940-இல் வண்ண ஓவியக் கல்லறைகள் வெளிப்பட்டது அப்படித்தான். பார்க்க வேண்டியவை நான்கு. காவலர் சாவி வைத்துத் திறந்து காட்டுவார். நேரம் குறைவென்றால் சி-அமுன் கல்லறையை மட்டும் விடாதீர்கள். கருந்தாடியும் சுருள்முடியுமாகக் கிரேக்கச் சாயல் கொண்ட ஒருவர், எகிப்திய முறைப்படி தெய்வங்கள் முன். அவர் மகன் கிரேக்கப் பாணி மேலாடையில். மரத்தடியில் நூத் தேவி நீர் வார்க்கும் காட்சியின் பச்சையும் நீலமும் இன்னும் கண்ணைப் பறிக்கின்றன. முதலைக் கல்லறையில் மஞ்சள் முதலை, மெசு-ஈசிஸ் கல்லறை வாசலுக்கு மேல் நாகங்களின் வரிசை. உள்ளே படம் எடுக்கலாமா என்று காவலரைக் கேட்டுவிட்டே போனை வெளியே எடுங்கள். ஃபிளாஷ் எந்த நிலையிலும் வேண்டாம். ஒரு சமயத்தில் நான்கைந்து பேருக்கு மேல் உள்ளே போனால் மூச்சின் ஈரமே ஓவியத்துக்குப் பகை. மலையில் நிழல் கிடையாது, ஆகவே திறந்த உடனே போவது உத்தமம்.

ஈரம் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீவா மூடிய பள்ளம். பாசன நீர் வெளியேற வழியில்லை. கிணறுகள் பெருகப் பெருக நிலத்தடி நீர் மேலே வருகிறது, உப்பையும் கூடவே கொண்டுவருகிறது. உப்பு நீர் கல்லுக்குள் ஏறி, காயும்போது படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். தாழ்வான தோப்பு நிலத்தில் இருக்கும் உம்மு உபைதுக்கு இது நிஜமான ஆபத்து. சுவரைத் தொடாதீர்கள் என்பது அங்கே வெறும் சம்பிரதாய எச்சரிக்கை அல்ல.

முழுதாக நிற்கும் பாலைவனச் சோலைக் கோவில் வேண்டும், சிற்பம் நிறைய வேண்டும் என்பவர்களுக்கு சீவா சரிப்படாது. அவர்கள் கார்கா சோலையின் ஹிபிஸ் கோவிலுக்குப் போகட்டும். பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ் பெயர் பொறித்த சுவர்கள், சிறகு விரித்த சேத் தெய்வம் பாம்பை ஈட்டியால் குத்தும் புகழ்பெற்ற சிற்பம் எல்லாம் அங்கே. சீவாவும் கார்காவும் பக்கத்துப் பக்கத்து ஊர் அல்ல. ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்த்தால் பாதி நாட்கள் சாலையிலேயே போய்விடும்.

அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை போகலாம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வசந்தத்தில் கம்சீன் காற்று மணலை வாரி அடிக்கும், கேமரா லென்ஸ் மாற்றவே முடியாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நல்ல குளிர். கெய்ரோவுக்கு எடுத்த உடுப்பு போதாது, கனமான மேலாடை வேண்டும். அக்டோபர் பௌர்ணமியை ஒட்டி தக்ரூர் மலையடியில் சீவா மக்கள் ஒன்றுகூடிச் சமைத்துச் சாப்பிடும் சியாஹா விழா நடக்கும். பார்க்க அருமை, ஆனால் அந்த நாட்களில் அறை முன்கூட்டியே பதிவு செய்யாமல் வராதீர்கள்.

ரொக்கமாக எகிப்தியப் பவுண்டு வைத்திருங்கள், அட்டையும் இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் அடிக்கடி ஏறுகிறது, பழைய தொகையை நம்ப வேண்டாம்; சர்வதேச மாணவர் அட்டை இருந்தால் எகிப்தின் தொல்லியல் இடங்களில் பாதிக் கட்டணம். கல்லறை திறந்து காட்டும் காவலருக்குச் சில்லறை நோட்டாக பக்ஷீஷ் (அன்பளிப்பு) கொடுப்பது வழக்கம். தோளும் முழங்காலும் மறைக்கும் உடை ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். சீவாப் பெண்களைப் படம் எடுப்பது கடும் தவறாகக் கருதப்படும். பிடிமானமுள்ள காலணி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கைவிளக்கு. பெரும் மணற்கடலுக்குள் வண்டியில் போவதானால் வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி வேண்டும். தங்கும் விடுதியில் முதல் நாளே கடவுச்சீட்டு நகலைக் கொடுத்துவிட்டால் மறுநாளைக்குள் வாங்கித் தருவார்கள்.